செனகலில் பார்க்க என்னதான் இருக்கிறது? சரக்கின் பின்னால் போனால் நிறைய

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற செனகலுக்குப் போகலாமா என்று கேட்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: கென்யா, தான்சானியா போல ஜீப்பில் ஏறி அரை மணி நேரத்தில் யானையும் சிங்கமும் வந்து நிற்கிற நாடு இது இல்லை. பெரிய மலைகள் கிடையாது, பிரமாண்டமான கோயில் கோட்டைகளும் கிடையாது, பெரும்பாலும் தட்டையான, புழுதி பறக்கிற நிலம். பயணத் தளங்கள் போடுகிற 'கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' பட்டியலை எடுத்துப் பார்த்தால், ஒரு பழைய மாடி வீடு, ஒரு இரும்புப் பாலம், சில மாதம் இளஞ்சிவப்பாகவும் மீதி மாதம் சாதாரணக் குட்டை போலவும் கிடக்கிற ஓர் ஏரி, குன்றின் மேல் ஒரு ராட்சத வெண்கலச் சிலை என்றுதான் இருக்கும். வெறும் கண்ணுக்கு இவை சுமார்தான்.

ஆனால் ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் கதை மாறிவிடும். இந்த நாட்டின் எந்தப் பிரபலமான இடத்தை எடுத்தாலும் அதன் அடியில் ஒரு சரக்கு இருக்கிறது. மனிதர்கள், வேலம்பிசின், நிலக்கடலை, உப்பு, மீன், அரிசி. சரக்கு எந்த வழியாகப் போனதோ அந்த வழியில்தான் ஊர்கள் வளர்ந்தன, தண்டவாளம் போட்டார்கள், மகான்கள் தோன்றினார்கள், சாப்பாட்டுத் தட்டில் இருப்பதுகூட அப்படி வந்ததுதான். அந்த வரிசையிலேயே போய்ப் பார்க்கலாம்.

எல்லோரும் தொடங்குகிற இடம் கோரே தீவு. தலைநகர் டக்காரின் துறைமுகத்திலிருந்து படகில் இருபது நிமிடம். சுமார் 900 மீட்டர் நீளம், 350 மீட்டர் அகலம், வண்டி வாகனம் எதுவும் கிடையாது, மஞ்சளும் சிவப்புமாகப் பழைய வீடுகள், சுவர்களில் காகிதப்பூ. 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக உலகப் பாரம்பரியச் சின்னங்களை அறிவித்தபோது அந்தப் பன்னிரண்டில் இதுவும் ஒன்று. இங்கே 'அடிமைகள் இல்லம்' என்ற வீடு இருக்கிறது. கீழே இருட்டறைகள், மேலே வணிகர் வாழ்ந்த அறைகள், நடைபாதையின் முடிவில் கடலைப் பார்த்துத் திறக்கிற ஒரு சின்ன வாசல். திரும்பி வராத வாசல் என்கிறார்கள். நெல்சன் மண்டேலா, போப் இரண்டாம் ஜான் பால், கிளிண்டன், புஷ், ஒபாமா என்று வந்து நின்றவர்களின் பட்டியல் நீளம்.

அந்த வீட்டைப் பல பத்தாண்டுகள் காத்து, வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னவர் புபக்கார் ஜோசப் என்ஜாய். 2009இல் காலமானார். கோடிக்கணக்கான மக்கள் இந்த வாசல் வழியாகத்தான் கப்பலேற்றப்பட்டார்கள் என்பது அவர் சொன்ன கதை. வரலாற்றாய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. கப்பல் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டால், அட்லாண்டிக்கைக் கடக்க ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். அதில் செனகல், காம்பியா கடற்கரைகள் மொத்தத்துக்கும் சேர்த்தே ஏழரை லட்சம் அளவில்தான் வருகிறது. கோரேயின் பங்கு சில பத்தாயிரங்கள். பெரும் எண்ணிக்கை போனது அங்கோலாவின் லுவாண்டா, பெனினின் உயிதா போன்ற துறைகளிலிருந்து. இந்த வீடு கட்டப்பட்டதே 1776 வாக்கில். வாசலுக்கு நேர் கீழே பாறைகள், கப்பல் கிட்டே வரவே முடியாது. 1996இல் ஒரு பிரெஞ்சு நாளிதழ் இதையெல்லாம் எழுதியபோது செனகலில் பெரிய கொந்தளிப்பு.

சரி, அப்படியென்றால் கோரே பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீவில் வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையோர் அடிமைகளாக இருந்த காலம் ஒன்று உண்டு. வீட்டு வேலை, படகு வேலை, கட்டட வேலை எல்லாமே அவர்கள் தலையில்தான். அவர்களுக்கு உரிமையாளர்களாக இருந்தவர்களில் வெள்ளைக்காரர்கள் மட்டும் இல்லை. சின்யார் என்று அழைக்கப்பட்ட, ஐரோப்பியத் தகப்பனுக்கும் ஆப்பிரிக்கத் தாய்க்கும் பிறந்த செல்வப் பெண்மணிகளும் இருந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் இன்று ரசிக்கிற வண்ண வீடுகளில் பல அவர்களுடையவை. வழிகாட்டி காட்டுகிற வாசலைவிட இந்தச் சங்கடமான உண்மைதான் கனமானது என்பேன். முதலில் தீவின் வடமுனையில் பழைய கோட்டைக்குள் இருக்கிற வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு, அப்புறம் அடிமைகள் இல்லத்துக்கு வந்தால் கேட்பதை எடைபோட ஒரு கைப்பிடி கிடைக்கும். பகல் கூட்டத்தோடு போகாமல் முதல் படகில் போவது உத்தமம். மணல் ஓவியம் விற்பவர்கள் அன்பாகப் பேச்சுக் கொடுப்பார்கள், வாங்கும் எண்ணம் இல்லையென்றால் ஆரம்பத்திலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

அடுத்த சரக்கு பிசின். இங்கேதான் நம் ஊரும் கதைக்குள் வருகிறது.

டக்காருக்கு வடக்கே, செனகல் ஆறு கடலில் கலக்கிற இடத்தில், 1659இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு ஆற்றுத் தீவில் கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். அதுதான் செயின்ட் லூயி. சகாராவின் தென் விளிம்பில் வளரும் ஒருவகை வேல மரத்தில் வடியும் பிசின் ஐரோப்பாவின் துணி அச்சு ஆலைகளுக்கு உயிர்நாடியாக இருந்தது, சாயத்தைத் துணியில் பிடித்து நிறுத்த அது வேண்டும். பிசினைச் சேகரித்து ஆற்றங்கரைச் சந்தைகளுக்குக் கொண்டு வந்தவர்கள் ஆற்றின் வடகரையில் இருந்த திரார்சா, பிராக்னா மூர் இனத்தவர்கள். அதற்கு அவர்கள் கேட்ட விலை பணமோ பொன்னோ இல்லை. துணி. அதிலும் அவுரி நீலத்தில் முக்கியெடுத்த கெட்டியான பருத்தித் துணி, பிரெஞ்சில் 'கினே' என்பார்கள். அது நெய்யப்பட்டுச் சாயம் போடப்பட்டது புதுச்சேரியிலும் அதைச் சுற்றியிருந்த தமிழ் ஊர்களிலும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமை வணிகத்துக்கும் இந்தியத் துணி போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிசின் வணிகம் உச்சத்துக்குப் போனபோது நீலத் துணி செனகல் ஆற்றங்கரையில் நாணயமாகவே புழங்கியது. கடன், வரி, பரிசு எல்லாமே இத்தனை துணி என்று கணக்கு. பிரான்சின் ரூவான் நகர ஆலைக்காரர்கள் அதேபோல நெய்து அனுப்பிப் பார்த்தார்கள், மூர் வணிகர்கள் தொட்டும் முகர்ந்தும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். புதுச்சேரியில் ஆங்கிலேயரின் சுற்றி வளைப்புக்கு நடுவே சிக்கியிருந்த ஒரு குட்டிக் காலனிக்கு இவ்வளவு காலம் துணித் தொழில் ஓடியதில் செனகல் பாலைவனத்து வாடிக்கையாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இதைத் தெரிந்துகொண்டு செயின்ட் லூயித் தெருக்களில் நடந்தால், மாடியில் மரத்தாழ்வாரம், மஞ்சள் சுண்ணாம்புச் சுவர், உள்முற்றம், நேர்க்கோட்டுத் தெருக்கள், எல்லாம் புதுச்சேரியின் வெள்ளை நகரத்தின் ஒன்றுவிட்ட சொந்தம் போலத் தெரியும். நாம் நினைத்துக்கொள்கிற சொந்தம் இல்லை, ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்களாக இருந்த ஊர்கள் இவை.

செயின்ட் லூயியின் முகம் ஃபெதெர்ப் பாலம். 1897இல் திறந்தது, அரை கிலோமீட்டர் நீளம், ஏழு வளைவுகள். ஈஃபில் கட்டியது, டானூப் நதிக்கென்று செய்ததைத் தவறுதலாக இங்கே அனுப்பிவிட்டார்கள் என்று குதிரை வண்டிக்காரரும் சொல்வார், சில பயண நூல்களும் சொல்லும். இரண்டும் தவறு. இந்த இடத்துக்கென்றே வடிவமைத்து, வேறொரு நிறுவனம் கட்டியது. பாலத்துக்குப் பெயர் தந்த ஆளுநர் ஃபெதெர்ப் செனகலின் உள்நாட்டு அரசுகளைப் படை நடத்தி அடக்கியவர். அவர் சிலை 2017இல் மழைக்காற்றில் சாய்ந்தது. தூக்கி நிறுத்தினார்கள், எதிர்ப்பு வந்தது, 2020இல் எடுத்தே விட்டார்கள். பாலத்தின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. விமான அஞ்சல் காலத்து ஓட்டல், ஆண்டுதோறும் நடக்கிற ஜாஸ் விழா ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

பிசினின் இடத்தை நிலக்கடலை பிடித்தது. இன்றைய செனகலைச் செய்தது எது என்று ஒரே சொல்லில் கேட்டால் கடலை என்றுதான் சொல்ல வேண்டும். 1840களில் மார்செய் நகரத்துச் சோப்பு ஆலைகளுக்கு எண்ணெய் தேவைப்பட்டது, செனகலின் மணல்நிலம் கடலைக்குப் பொருந்தியது, அவ்வளவுதான், பிறகு நூறு ஆண்டுகளுக்கு நாட்டின் எல்லா முடிவுகளும் அதை வைத்துத்தான். டக்காரிலிருந்து செயின்ட் லூயிக்கு 1885இல் ரயில் ஓடத் தொடங்கியதும் கடலைக்காகத்தான். நடுவில் இருந்த காயோர் அரசின் மன்னர் லாட் ஜோர் அந்தத் தண்டவாளத்தை எதிர்த்தார், 1886இல் போரில் கொல்லப்பட்டார். ரயில் வந்ததும் ஆற்றுத் துறைமுகம் சுருங்கியது, கடல் துறைமுகமான டக்கார் பெருத்தது, 1902இல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் தலைநகரும் இங்கே மாறியது. செயின்ட் லூயி பழைய கோலத்திலேயே உறைந்து நிற்பதற்குக் காரணமும் அதுதான். வளர்ச்சி ஒதுக்கிவிட்டுப் போன ஊர் என்பதால்தான் நமக்குப் பார்க்க அழகாக இருக்கிறது.

கடலை இன்னொன்றையும் செய்தது. அரசுகள் தோற்று, பழைய சமூகம் கலைந்துபோன அந்தக் காலத்தில் மக்கள் சூஃபி ஞானிகள் பின்னால் திரண்டார்கள். அவர்களில் மிகப் பெரியவர் அமாது பம்பா. கூட்டம் சேர்வதைக் கண்டு மிரண்ட பிரெஞ்சு அரசு 1895இல் அவரை காபோனுக்கு நாடு கடத்தியது, ஏழு ஆண்டுகள். கப்பலில் தொழ விடாததால் அவர் கடலின் மேலேயே தொழுகைப் பாய் விரித்துத் தொழுதார் என்பது ஒவ்வொரு செனகல் குழந்தைக்கும் தெரிந்த கதை. திரும்பி வந்த பிறகு அவருடைய சீடர்கள்தான் உழைப்பே வழிபாடு என்று தரிசுகளைத் திருத்திக் கடலை போட்டார்கள். ஆக, அவரை நாடு கடத்திய அதே அரசு அவருடைய இயக்கத்தின் விளைச்சலில் பிழைத்தது. அவர் நிறுவிய தூபா இன்று நாட்டின் இரண்டாவது பெரிய நகரம், 1963இல் திறந்த பெரிய மசூதி அதன் நடுவில். ஊர் எல்லைக்குள் மதுவும் புகையும் கூடாது. நாடு கடத்தப்பட்ட நாளை நினைவுகூரும் மகால் திருநாளில் லட்சக்கணக்கானோர் வந்து குவிகிறார்கள், வழிப்போக்கரைக் கையைப் பிடித்து இழுத்துச் சோறு போடுவார்கள். இஸ்லாமிய நாட்காட்டியில் சஃபர் மாதம் 18ஆம் நாள் அது, ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும். அந்தச் சமயத்தில் தூபா போவதற்கு மட்டும் இல்லை, வேறெங்கு போகவும் வண்டி கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

பம்பாவுக்கு நம்பகமான புகைப்படம் என்று 1913இல் எடுத்த ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. வெள்ளை அங்கி, முகத்தில் பாதியை மூடிய வெள்ளைத் துணி, வெயிலில் கண் சுருங்கிய முகம். அந்த ஒரு படம் டக்காரின் சுவர்களில், பேருந்துகளில், தையற்கடைகளில், படகுகளில் எங்கும் தீட்டப்பட்டிருக்கும். யாரென்று தெரியாமல் பார்த்தால் வெறும் அலங்காரம்.

டக்காரில் என்ன பார்ப்பது? அட்லாண்டிக் ஓரத்துச் சாலையில் மாலை நேரத்தில் ஓடுகிற, தண்டால் எடுக்கிற, மல்யுத்தம் பழகுகிற ஆயிரக்கணக்கான இளைஞர்கள்தான் எனக்கு முதல் இடம். சும்பெதியூன் கரையில் அந்தி சாயும்போது படகுகள் வந்து மீன் இறங்குவது இரண்டாவது. மல்யுத்தம் இங்கே கால்பந்துக்கு நிகரான பைத்தியம், பெரிய போட்டிக்கு முன்னால் வீரர்கள் தாயத்து கட்டிக்கொண்டு பாட்டில் பாட்டிலாக மந்திரித்த நீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிற சடங்குதான் பாதி நிகழ்ச்சி, சண்டை சில நிமிடத்தில் முடிந்துவிடும். 2018இல் திறந்த கறுப்பின நாகரிகங்களின் அருங்காட்சியகம் நன்றாக இருக்கிறது, சீனப் பணத்தில் எழுந்தது. ஆப்பிரிக்க மறுமலர்ச்சிச் சிலை 49 மீட்டர், வட கொரிய நிறுவனம் செய்தது, 2010இல் திறப்பு. யோசனை தன்னுடையது என்பதால் வசூலில் 35 சதவீதம் தனக்குச் சேர வேண்டும் என்று அப்போதைய அதிபர் அப்துலாயே வாத் சொன்னதும், அரைகுறை ஆடை என்று இமாம்கள் எதிர்த்ததும் சேர்ந்து அதைச் சிலையைவிடப் பெரிய செய்தியாக்கின. மேலே ஏறினால் நகரம் முழுக்கத் தெரியும். சிலை தெரியாத ஒரே இடமும் அதுதான், அதனால் நல்ல இடம்.

இனி தட்டு. செனகலின் தேசிய உணவு செபு ஜென், மீன்சோறு. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மீனைக் கீறி பூண்டு, மிளகாய், கொத்துமல்லி போன்ற தழை எல்லாம் அரைத்து உள்ளே அடைத்து, தக்காளிக் குழம்பில் மரவள்ளி, முட்டைக்கோஸ், கேரட், கத்தரிக்காயோடு வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே அரிசியைப் போட்டு எடுக்கிறார்கள். சுவைக்குக் கருவாடும், புளிக்கவைத்த கடல் நத்தையும், பக்கத்தில் புளியும். நமக்கு எதுவும் அந்நியமாக இருக்காது. ஆனால் அரிசியை உற்றுப் பாருங்கள், முழு அரிசி கிடையாது, குருணை. நம் ஊரில் கஞ்சிக்கும் கோழிக்கும் போகிற நொய், அங்கே விருந்துச் சோறு. காரணம் மறுபடி கடலைதான். வயலெல்லாம் கடலை போட்டதால் கம்பு, சோளம் சாகுபடி சுருங்கியது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றபோது பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் இன்னொரு காலனியான இந்தோசீனாவின் ஆலைகளில் கழிவாக மிஞ்சிய குருணையைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். மலிவுக்கு வந்தது, சமையல் அதற்கேற்ப வளர்ந்தது, இன்று முழு அரிசியைப் போட்டால் சாறு இழுக்காது என்று வீட்டுப் பெண்கள் ஒதுக்குகிறார்கள். இப்போது குருணை பெருமளவு ஆசியாவிலிருந்துதான் வருகிறது, இந்தியா முக்கியமான மூலம். 2022 செப்டம்பரில் இந்தியா குருணை ஏற்றுமதியைத் தடை செய்தபோது டக்காரில் அது வீட்டுச் செய்தி. பிறகு செனகல் போன்ற நாடுகளுக்குத் தனி அனுமதி கொடுத்தார்கள்.

ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருக்கிற பகுதியில் மட்டும் சாப்பிடுவார்கள். வீட்டுக்காரம்மா நடுவில் இருக்கிற மீனையும் காயையும் பிய்த்து உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார், போதும் என்றாலும் விட மாட்டார். சட்டி அடியில் பிடித்த காந்தலைத் தனியாகச் சுரண்டிக் கொடுப்பார்கள், அது மரியாதை. சாப்பிட்டதும் பச்சைத் தேயிலையும் புதினாவும் போட்ட டீ மூன்று சுற்று. முதல் சுற்று கசப்பு, போகப் போக இனிப்பு ஏறும், ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். அவசரம் என்று எழுந்துவிடாதீர்கள், கிடைக்கிற தகவலெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான். புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவப்புப் புல்லிகளைக் கொதிக்கவைத்துச் செய்கிற பிசாப் என்ற குளிர்பானமும், மிளகு போன்ற ஒரு காரமான விதையைச் சேர்த்து வறுத்த தூபா காப்பியும் தெருவெங்கும் கிடைக்கும்.

உப்புக்கு வருவோம். டக்காருக்கு வடகிழக்கே 35 கிலோமீட்டர் தள்ளி ரெத்பா ஏரி, விளம்பரங்களில் இளஞ்சிவப்பு ஏரி. நிறம் உப்பு விரும்பும் ஒருவகை நுண்பாசியால் வருவது, அதனால் வறட்சியில், வெயிலும் காற்றும் சேர்ந்த நண்பகலில்தான் தெரியும், மழைக்காலத்தில் போனால் ஏமாற்றம் நிச்சயம். 2022இல் புறநகர் வெள்ளத்தை வடிப்பதற்கு நீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள், நல்ல தண்ணீர் கலந்து நிறமே போயிற்று, கரையோரத்து உப்புக் குவியல்களும் கரைந்தன. போகும் வாரத்தில் நிறம் எப்படி என்று உள்ளூரில் விசாரித்துக்கொண்டு கிளம்புவது புத்திசாலித்தனம். ஆனால் நிறத்துக்காக மட்டும் போவதில் பயனில்லை. இடுப்பளவு, மார்பளவு உப்புநீரில் உடம்பெல்லாம் ஷீ என்ற மரக்கொட்டையின் வெண்ணெய் பூசிக்கொண்டு இறங்கி, அடியில் படிந்த உப்பைக் கம்பியால் இடித்துக் கூடையால் அள்ளிப் படகில் ஏற்றுகிறவர்களைப் பார்க்க வேண்டும். மாலி, கினி நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர். உப்பில் பெரும்பகுதி மீனைப் பதப்படுத்தத்தான் போகிறது. பாரிஸ்-டக்கார் கார்ப் பந்தயம் முடிகிற இடமாக இந்த ஏரிக்கரை ஒரு காலத்தில் உலகத் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தது. பாதுகாப்புக் காரணத்தால் 2008 பந்தயம் ரத்தாகி, அடுத்த ஆண்டு தென் அமெரிக்காவுக்குப் போய்விட்டது. பெயரில் மட்டும் டக்கார் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மீனைப் பார்க்க மறுபடியும் செயின்ட் லூயிக்குத்தான் போக வேண்டும். தீவுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய மணல் திட்டு, அதில் கெட்-என்டார் என்ற மீனவக் குப்பம், ஆப்பிரிக்காவிலேயே நெரிசல் மிகுந்த குடியிருப்புகளில் ஒன்று. கண்ணைப் பறிக்கிற நிறங்களில் நீண்ட படகுகள், கருவாடு காயவைக்கிற பெண்கள், ஆட்டுக்குட்டிகள், குழந்தைகள். படம் எடுக்கிறவர்களுக்குச் சொர்க்கம், ஆனால் கேட்காமல் கேமராவைத் தூக்கினால் வாங்கிக்கட்டிக்கொள்வீர்கள், அது நியாயமும்கூட. இந்த மக்களுக்கு மூன்று பக்கமும் இடி. 2003இல் ஆற்று வெள்ளத்திலிருந்து நகரத்தைக் காக்க மணல் திட்டில் அவசரமாக நாலு மீட்டர் அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். கடல் அதைப் பிடித்துக்கொண்டு அகலப்படுத்திக்கொண்டே போய், அது இப்போது கிலோமீட்டர் கணக்கில் விரிந்து கிடக்கிறது, ஊரே காணாமல் போன இடங்கள் உண்டு. குப்பத்தின் முன்வரிசை வீடுகளை அலை தின்றுவிட்டது, பல குடும்பங்களை உள்ளே ஜூகோப் என்ற இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், அங்கே கடல் கிடையாது. கடலுக்குள்ளோ செனகலும் மௌரித்தானியாவும் சேர்ந்த எரிவாயுத் திட்டம், அதன் மேடையைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை. வெளிநாட்டு இழுவைக் கப்பல்களால் மீனும் குறைந்துவிட்டது. அதே வண்ணப் படகுகள்தான் இப்போது இளைஞர்களை ஏற்றிக்கொண்டு ஸ்பெயினின் கேனரித் தீவுகளுக்குக் கிளம்புகின்றன, பலர் போய்ச் சேருவதில்லை. அழகான படகு என்று மட்டும் எழுதுகிற பயணக் கட்டுரைகளைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

இயற்கையில் ஆர்வம் உள்ளவர்களுக்குச் சுருக்கமாக: ஜூஜ் பறவைகள் சரணாலயம், செயின்ட் லூயியிலிருந்து எளிதாகப் போய்வரலாம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஐரோப்பாவிலிருந்து வரும் பறவைகளும் வெள்ளைக் கூழைக்கடாக்களும் ஏராளம், இதற்குப் போகலாம். டக்காருக்குப் பக்கத்துப் பாந்தியா காப்பகத்தில் காண்டாமிருகமும் ஒட்டகச்சிவிங்கியும் பார்க்கலாம், ஆனால் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டவை, வேலிக்குள் நடக்கிற விஷயம். உண்மையான காடு தென்கிழக்கில் நியோகோலோ-கோபா, 9,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், சிங்கம், சிம்பன்சி எல்லாம் இருக்கின்றன, பார்ப்பது கடினம். ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் 2007 முதல் இருந்து 2024இல்தான் வெளியே வந்தது. காம்பியா ஆற்றை ஒட்டி ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வட்டங்களும் ஈமக் குவியல்களும் பரவிக் கிடக்கின்றன. போக வழி சிரமம், நம் கல்வட்டங்களில் ஆர்வமுள்ளவர்கள் சிரமப்படலாம்.

சீன்-சலூம் கழிமுகத்தைச் சுருக்க மனசு வரவில்லை. அலையாத்திக் காடுகளுக்கு நடுவே கால்வாய் கால்வாயாகப் படகில் போகிற இடம். இரண்டாயிரம் ஆண்டுகளாக மக்கள் சிப்பி தின்று அதன் ஓடுகளை ஒரே இடத்தில் போட்டுப் போட்டு எழுந்த மேடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அவற்றின் மேல் பெருக்க மரங்கள். ஃபாஜுத் ஊர் அப்படிச் சிப்பியின் மேலேயே நிற்கிறது, நடந்தால் காலடியில் நொறுங்கும். மரப்பாலம் தாண்டி இருக்கிற சிப்பி மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கிறித்தவரும் இஸ்லாமியரும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள். இந்தப் பக்கம் கரையில் இருக்கிற ஜோவாலில்தான் முதல் அதிபர் லெயோபோல்ட் செங்கோர் 1906இல் பிறந்தார். பத்தில் ஒன்பதுக்கு மேல் இஸ்லாமியர் வாழும் நாட்டை இருபது ஆண்டுகள் ஆண்ட கத்தோலிக்கக் கவிஞர்.

தெற்கே கசமான்ஸ் தனி உலகம். காம்பியா நடுவில் ஆப்பு அடித்தாற்போல் நுழைந்து இந்தப் பகுதியை மற்ற நாட்டிலிருந்து பிரிக்கிறது. பச்சைப் பசேலென்று நெல்வயல், பனை, மாமரம். குருணை இறக்குமதி செய்கிற நாட்டில் தன் நெல்லைத் தானே விளைவிக்கிற பகுதி. ஜோலா மக்கள் நீண்ட மரக்கைப்பிடி வைத்த ஒரு மண்வெட்டியால் சதுப்பு நிலத்தைக் கிளறி, உப்புநீரைத் தடுத்து வரப்பு கட்டி நெல் போடுகிறார்கள், அதில் ஆப்பிரிக்காவுக்கே உரிய நெல் இனமும் உண்டு. 1982இல் தொடங்கிய பிரிவினைக் கிளர்ச்சியால் இந்தப் பகுதி நெடுங்காலம் பயண எச்சரிக்கைப் பட்டியலில் கிடந்தது. இப்போது பெருமளவு அமைதி. ஆனாலும் எல்லையோரக் காடுகளில் கண்ணிவெடி இருக்கிறது, உள்ளூர் ஆள் இல்லாமல் பாதையை விட்டு விலகக்கூடாது. 1970களிலேயே கிராமங்கள் தாங்களாகவே விருந்தினர் குடில்கள் கட்டி நடத்தி, வருமானத்தைப் பள்ளிக்கும் மருத்துவ நிலையத்துக்கும் போட்ட முன்னோடி இடம் இது. கூரை உள்நோக்கிச் சரிந்து நடு முற்றத்தில் மழைநீரை வாங்கிக்கொள்கிற வட்ட மண்வீடுகளில் தங்கலாம். காப் ஸ்கிரிங்கின் கடற்கரை நாட்டிலேயே சிறந்தது, ஆனால் அதற்கு மட்டும் போவது வீண்.

டக்காரிலிருந்து கசமான்ஸின் முக்கிய நகரமான சிகின்ஷோருக்கு இரவுக் கப்பல் இருக்கிறது. அந்தத் தடத்தில்தான் 2002 செப்டம்பர் 26 அன்று லெ ஜூலா கப்பல் கவிழ்ந்தது. ஐந்நூற்று எண்பது பேருக்கு அனுமதி, ஏறியிருந்தவர்கள் மூன்று மடங்குக்கும் மேல், இறந்தவர்கள் 1,800க்கும் அதிகம். டைட்டானிக்கைவிட அதிகம், உலகத்துக்குத் தெரிந்ததோ குறைவு. இப்போது ஓடுபவை வேறு கப்பல்கள், பெயர் பார்த்து, அடையாள அட்டை பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். சாலையில் போவதானால் 2019இல் திறந்த செனகாம்பியா பாலம் காம்பியா ஆற்றைக் கடத்திவிடுகிறது, முன்பு அங்கே படகுத்துறை வரிசையில் நாள்கணக்கில் லாரிகள் கிடக்கும்.

ஊர்விட்டு ஊர் போக 'செத் பிளாஸ்' என்கிற ஏழு பேர் பகிர்வு டாக்ஸிதான், பெரும்பாலும் பழைய பெஜோ கார்கள். ஏழு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், அது பத்து நிமிடமாகவும் இருக்கலாம், மூன்று மணி நேரமாகவும் இருக்கலாம். டக்காருக்குள் மஞ்சளும் நீலமுமாகத் தீட்டிய பழைய ரெனோ வேன்களை ஒழித்துக்கொண்டு வருகிறார்கள். அவற்றுக்குப் பதிலாக ஓடும் வெள்ளை மினிபஸ்களைச் சனங்கள் 'டாட்டா' என்றே சொல்கிறார்கள், பல உண்மையிலேயே டாட்டா வண்டிகள்தான், தியெஸ் நகரத்தில் பூட்டப்பட்டவை. கைகொடுத்துச் சலாம் சொல்லி, வீட்டில் எல்லோரும் நலமா, வேலை எப்படி என்று விசாரிக்காமல் நேரே விலையைக் கேட்டால் விலையும் அதற்கேற்றபடிதான் வரும். உங்களுக்கு யாராவது உள்ளூர்க் குடும்பப் பெயர் ஒன்று வைத்துவிட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஜோப் என்று பெயர் வைத்தால் என்ஜாய் குடும்பத்தார் எல்லோரும் உங்களைச் சோற்றுப்பானை, எங்கள் அடிமை என்று கிண்டல் செய்வார்கள், நீங்களும் திருப்பிச் செய்ய வேண்டும், கோபப்படக் கூடாது என்பது பல தலைமுறை விதி. சோதனைச் சாவடியில் போலீஸ்காரரே சிரித்துவிட்டு அனுப்பியதாகக் கதை கதையாகச் சொல்வார்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையும் மலேரியா மாத்திரையும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமாக இருக்கும், ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மழை, கசமான்ஸ் அப்போதுதான் அழகு, ஆனால் கிராமச் சாலைகள் மூழ்கும். செத் பிளாஸில் முன்னிருக்கை வேண்டுமானால் விடிவதற்கு முன்னால் நிலையத்துக்குப் போங்கள். கடைசியாக வருகிறவருக்குப் பின்வரிசை நடுவிடம்தான், அதில் செயின்ட் லூயி வரை போனால் முழங்கால் இரண்டு நாளைக்குப் பேசும்.